மூன்றாம் அறையில் வளராத கட்டிகள்

"அக்கா, இந்த மாதத்தோடு காவல் எலிகளை நிறுத்துகிறார்கள். அறையில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, இனி காற்று வடிகட்டியில் படியும் தூசியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதுமாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூன்றாம் அறைக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். ஒருத்தி, மருந்து வேலை செய்துதான் கட்டி வளரவில்லை என்கிறாள். இன்னொருத்தி, இசக்கி மேடத்துக்கு அப்போது ஊசி போடவே தெரியாது என்கிறாள், என் காதுபடவே. நடந்ததை நடந்தபடி எழுதித் தாருங்கள். உங்கள் நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது?"

போன வாரம் இசக்கியிடமிருந்து வந்த கடிதம் இது. ஒரகடத்தில் நான் ஓய்வு பெற்ற ஆய்வகத்தின் விலங்குக் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பாளர். ஆய்வகப் பதிவேடுகள் ஆய்வகத்தில் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை என் சொந்த நாட்குறிப்புகள், மொத்தம் பதினொரு நோட்டுகள். எட்டாம் நோட்டை எடுத்தேன்.

"நாள் 14, வியாழன். மூன்றாம் அறை. மருந்து கொடுக்காத குழு, பத்து எலி. ஏழில் கட்டி மிளகளவு. இரண்டில் கைக்குத் தட்டுப்படவே இல்லை. ஒன்றில் மட்டும் பட்டாணி. தீவனம், தண்ணீர், வெப்பம் சரி. காரணம் தெரியவில்லை."

இந்தக் கணக்கைப் புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எலியின் விலாப்பக்கத் தோலுக்கு அடியில் புற்றுநோய்ச் செல்களை ஊசியால் வைக்கும் நாள், நாள் பூஜ்யம். அதிலிருந்து எண்ணுவோம். பாதி எலிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் எலிகளில் பதினான்காம் நாள் கட்டி கொண்டைக்கடலை அளவுக்காவது வந்திருக்க வேண்டும். அது வளர்ந்தால்தான் மருந்து அதைத் தடுத்ததா என்று சொல்ல முடியும். அது வளராவிட்டால் மொத்த ஆய்வும் வீண். உயிர்கள் வீண் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலங்கியல் பட்டம், பிறகு சென்னையில் ஒரு அரசுத் தடுப்பூசிக் கூடத்தில் தினக்கூலி. கினிப் பன்றியைப் பிடிக்கக் கற்றது அங்கே. எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தபோது, ஒரு பெயிண்ட் கிடங்குக்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கும் நடுவே இந்த ஆய்வகமும் எழுந்தது. வீட்டிலிருந்து சைக்கிள் தூரம் என்பதால் விண்ணப்பித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். சுற்றியிருந்த ஊர்க்காரர்களுக்கு நான் "எலிக் கம்பெனி வசந்தா".

ஆய்வு இயக்குநர் டாக்டர் பத்மநாபன். உயரமானவர், மெதுவாகப் பேசுவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைக் கண்டு நடுங்காதவரும் இல்லை. காரணம், ஒரே கேள்வியை ஒரே நாளில் மூன்று முறை கேட்பார். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, பஸ் கிளம்பும் முன் ஒருமுறை. மூன்றுக்கும் பதில் ஒன்றாக இருந்தால் எழுதிக்கொள்வார். மாறினால் மாறிய இடத்தில் விரலை வைப்பார். எலி அறைக்குள் ஒரு நாளைக்கு ஒரே முறைதான் நுழைவார். வெளியே வந்து வேறெங்காவது போய்விட்டால் வெளித் தொற்று உள்ளே வரக்கூடாது என்று அன்று மறுபடி நுழையமாட்டார், கண்ணாடி வழியாகத்தான் பேசுவார். இன்றைக்கும் அந்தக் கூடத்தில் இருக்கும் ஒழுங்கு அவர் வைத்தது.

அவர் எடுத்த ஒரு முடிவையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கட்டிச் செல்களை உறைநிலைக் குப்பியிலிருந்து எடுத்து உருக்கிப் பயன்படுத்துவோம். உருக்கிய செல்கள் மந்தமாக இருக்கின்றன என்று அவருக்கு ஓர் அதிருப்தி. அதனால் ஒரு எலியில் வளர்ந்த கட்டியை எடுத்துக் கரைத்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ச்சியாக மாற்றி வளர்க்கத் தொடங்கினோம். நாங்கள் அதைச் 'சங்கிலி' என்போம். மூன்றாம் அறை ஆய்வுக்குப் போட்டது சங்கிலியின் பன்னிரண்டாவது கண்ணி.

அதே ஆய்வில் இன்னொன்றும் புதிது. அதுவரை செல் ஊசி போட்டது நான். அந்த முறை போட்டது இசக்கி.

இசக்கி அப்போது ஒப்பந்தப் பணியாளர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு விடுதி அறையில் மூன்று பேரோடு இருந்தாள். மற்ற மூவரும் செல்போன் தொழிற்சாலை லைனில். அறை கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மா, "வேல செய்றது செய், வூட்டாண்ட எலிய இட்டாந்துடாத" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பது இந்த ஆய்வு எப்படிப் போகிறது என்பதில் தொங்கியது.

பதினான்காம் நாள் காலையில் டாக்டர் அவளைக் கேட்டார். "செல்லு தோலுக்கு அடியில நின்னுச்சா, உள்ள எறங்கிடுச்சா?"

"தோலுக்கு அடியிலதான் சார். குட்டிக் கொப்புளமா எழும்பி நின்னுச்சு."

சாப்பாட்டுக்குப் பின் கேட்டார். அதே பதில். ஐந்து மணிக்கு, கம்பெனி பஸ் வாசலில் உறுமிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"சார், காலையில சொன்னதுதான் இப்பவும். கொப்புளமா நின்னுச்சு."

அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அறிக்கையின் வரைவில் 'சாத்தியமான காரணம்: ஊசி செலுத்தியதில் குறை' என்று போட்டிருந்தார். வேறென்ன போடுவது? ஒழுங்காக நடந்த ஆய்வுக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் கை மட்டும்தான். சங்கிலியை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. கட்டி வேகமாக வளர்வதற்காகத்தானே அதையே ஆரம்பித்தோம்.

கூண்டு கழுவும் தனம் எங்கள் ஊர்க்காரி. யாரையும் விடமாட்டாள். மறுநாள் கழுவுமிடத்தில், "இன்னா இசக்கி, உன் கைய பாத்தா கட்டிக்கே பயமா கீதா? வரவே மாட்டேங்குது" என்றாள்.

"வரலன்னா எலிக்கு நல்லதுதான யக்கா. எனக்குல்லா கேடு" என்றாள் இசக்கி.

தனம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதை இசக்கி பார்த்துவிட்டாள்.

"நீங்களும் என் கைதான்னு நெனைக்கியளாக்கா?"

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். "முதல் தடவ போடும்போது எனக்கும் நடுங்கிச்சு இசக்கி, தப்பா எடுத்துக்காத" என்று மழுப்பினேன்.

"எனக்கு நடுங்கல. அப்ப ஒண்ணு செய்வோம். ஒரே குப்பியில இருந்து பாதி நீங்க போடுங்க, பாதி நான் போடுதேன். என் கைதான்னா தெரிஞ்சிரும்லா. தெரிஞ்சா நானே பெட்டியக் கட்டிட்டு ஊருக்குப் போயிருதேன்."

இந்த யோசனை என்னுடையது என்று பின்னாளில் ஆய்வகத்தில் சிலர் சொன்னார்கள். அது தவறு. இசக்கியுடையது. பதினைந்தாம் நாள், வெள்ளி, கழுவுமிடம், காலை பத்தேகால் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் அதில் ஒன்று மட்டும் சேர்த்தேன். சங்கிலிச் செல் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க, முன்பு சரியாக வளர்ந்த, உறைநிலையில் இருந்த பழைய குப்பியும் வேண்டும். இருபது எலி. என் கையால் பத்து, அவள் கையால் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஐந்துக்குச் சங்கிலி, ஐந்துக்குப் பழையது. எந்தச் சிரிஞ்சில் எது என்பதை டாக்டர் மட்டும் அறிவார். கூடுதல் எலிகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதை அவரே கேட்டு வாங்கினார். ஒப்பந்த முடிவையும் இந்த ஊசிகளின் பதினான்காம் நாள்வரை தள்ளிவைக்கச் சொல்லி, ஒப்பந்த ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்கு எழுதினார்.

அது நடந்துகொண்டிருக்கும்போதே முதல் ஆய்வின் இருபத்தொன்றாம் நாள் வந்துவிட்டது. அன்று எல்லா எலிகளிலும் இரத்தம் எடுக்க வேண்டும். இசக்கி எடுத்தாள், நான் குழாய்களை வாங்கிச் சுழலியில் வைத்துச் சீரத்தைப் பிரித்தேன். முடிவு வந்தபோது எல்.டி.எச். என்ற நொதி எல்லா எலிகளிலும் வழக்கத்தைவிடப் பல மடங்கு. கட்டி தட்டுப்படாத இரண்டிலும்கூட.

டாக்டர் தாளைப் பார்த்தார். "ரத்தம் எடுக்கும்போது செல் ஒடைஞ்சிருக்கு. அப்படின்னா எல்.டி.எச். ஏறத்தான் செய்யும்." அது உண்மைதான். முரட்டுத்தனமாக இரத்தம் எடுத்தால் சிவப்பணு உடையும், உள்ளேயிருக்கும் நொதி வெளியே கொட்டும். ஆக மறுபடியும் இசக்கியின் கை. அவள் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

இங்கேதான் என் கெட்ட பழக்கம் ஒன்று உதவியது. எதையும் எழுதிவைப்பேன். தேவையில்லாததையும் எழுதுவேன். என் மகள் கிண்டல் செய்வாள், "அம்மா குழம்பு கொதிச்ச நேரத்தக்கூட எழுதும்" என்று. அன்றும் ஒவ்வொரு குழாயின் சீரமும் என்ன நிறம் என்று எழுதியிருந்தேன். சிவப்பணு உடைந்தால் சீரம் ரோஜா நிறம் ஆகும். என் குறிப்பில் இருபது குழாய்களில் பத்தொன்பது வைக்கோல் நிறம், ஒன்று மட்டும் லேசான ரோஜா.

"சார், இது ஒடைஞ்ச ரத்தம் இல்ல. கலர் பாத்து எழுதி வச்சிருக்கேன்."

"எப்ப எழுதினீங்க?"

"சுழலில இருந்து எடுத்த உடனே."

சாப்பாட்டுக்குப் பின்பும் கேட்டார், ஐந்து மணிக்கும் கேட்டார். எடுத்த உடனே என்றுதான் மூன்று முறையும் சொன்னேன். அறிக்கை வரைவில் அந்த வரியை அடித்தார்.

கட்டியாலும் அந்த நொதி ஏறும். ஆனால் மிளகளவுக் கட்டிக்கு அவ்வளவு ஏறாது. கட்டியே இல்லாத எலிக்கு ஏன் ஏறவேண்டும்? மதிய இடைவேளையில் படிக்க என் மேசையில் எப்போதும் ஏதாவது இருக்கும், அந்த மாதம் ஆய்வக எலிகளின் நோய்களைப் பற்றிய பழைய தடிப் புத்தகம். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரு வைரஸைப் பற்றியது. எல்.டி.எச். நொதியை உயர்த்தும் வைரஸ் என்பதே அதன் பெயர். அது கண்டுபிடிக்கப்பட்ட விதமே எங்கள் கதைபோல இருந்தது: கட்டி வந்த எலிகளின் இரத்தத்தில் அதற்கொரு அடையாளம் தேடப்போன இடத்தில், ஏறியிருந்த நொதிக்குக் காரணம் கட்டி அல்ல, கட்டியோடு சேர்ந்து எலிக்கு எலி மாறிக்கொண்டிருந்த வைரஸ் என்று தெரிந்திருக்கிறது.

இந்த வைரஸ் எலியைப் படுக்கவைக்காது. தொற்றிய எலி தின்னும், ஓடும், குட்டி போடும். சாகும்வரை இரத்தத்தில் வைரஸ் இருந்துகொண்டே இருக்கும். உடலுக்குள் துப்புரவு வேலை பார்க்கும் மாக்ரோபேஜ் செல்களில் ஒரு பகுதியை அது அழிக்கிறது. இரத்தத்திலிருந்து எல்.டி.எச்சை அகற்றுவது அந்தச் செல்கள்தான். அவை குறைந்தால் நொதி தேங்கும். தொற்று புகுந்த முதல் சில நாட்களில் எலியின் எதிர்ப்பாற்றல் சிலிர்த்து எழும். அந்த வேகத்தில், அதே ஊசியில் வந்த கட்டிச் செல்களும் அடிபடலாம். வேறு வகைக் கட்டியில், தொற்று நாள்பட்ட எலியில், எதிர்ப்பாற்றல் மந்தமாகிக் கட்டி வழக்கத்தைவிட வேகமாக வளரவும் கூடும். எந்தப் பக்கம் சாயும் என்பது கட்டியையும் எலியின் இனத்தையும் தொற்று வந்த நேரத்தையும் பொறுத்தது. எப்படியானாலும், மருந்தைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வைரஸைச் சோதித்துக்கொண்டிருப்போம்.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் காகிதம் வைத்து டாக்டரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். "காவல் எலி க்ளீனா இருக்கே" என்றார்.

அதுதான் எங்களை ஏமாற்றியது. ஒவ்வொரு அறையிலும் ஆய்வில் சேராத இரண்டு காவல் எலிகள் இருக்கும். மற்றக் கூண்டுகளின் அழுக்குப் படுக்கையில் ஒரு கைப்பிடி எடுத்து அவற்றின் கூண்டில் போடுவோம். அறையில் தொற்று இருந்தால் அவற்றுக்கு வரும், சில மாதத்துக்கு ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்வோம். ஆனால் இந்த வைரஸ் படுக்கை வழியாக எளிதில் பரவுவதில்லை. அதற்கு இரத்தம் வேண்டும். கடி, ஊசி, அல்லது கட்டியோடு சேர்த்து நாமே வைப்பது.

இருபது எலிகளின் பதினான்காம் நாள் ஒரு திங்கட்கிழமை. எந்தச் சிரிஞ்சில் எது என்று எழுதிய உறை பிரிக்காமல் டாக்டரிடம் இருந்தது. நான் காலிப்பரால் அளந்து சொன்னேன், தனம் கூண்டு அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளந்து முடிந்ததும் டாக்டர் உறையைப் பிரித்து வாசித்தார். பழைய குப்பிச் செல் போட்ட பத்திலும் கட்டி நன்றாக வளர்ந்திருந்தது, என் கையிலும் சரி இசக்கியின் கையிலும் சரி. சங்கிலிச் செல் போட்ட பத்தும் மிளகு, இரண்டு கையிலும். உண்மையைச் சொன்னால், அவள் கட்டிகள் என்னுடையவற்றைவிட ஒரே சீராக இருந்தன.

"அய்ய, அப்ப வசந்தாக்கா கையும் ராசியில்லாத கைதான்" என்றாள் தனம்.

இசக்கி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகக்கவசத்தைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. மூன்றாம் அறை எலியின் சீரத்தில் ஒரு துளியை, வேறு அறையில் இருந்த, கட்டி இல்லாத சுத்தமான எலிகளுக்குச் செலுத்தினோம். நான்காம் நாளே அவற்றுக்கும் நொதி ஏறிவிட்டது. வெளி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். வைரஸ் உறுதியானது. சங்கிலியில் இருந்தது, பழைய குப்பியில் இல்லை. ஆய்வு எங்கே வழி தவறியது என்று பதியும் விலகல் அறிக்கையை டாக்டர் தன் கையால் எழுதினார். 'உறைநிலைச் செல்லை விட்டுச் சங்கிலிக்கு மாறியது என் முடிவு. செல்லை வைரஸுக்குச் சோதிக்காமல் விட்டதும் நான். ஊசி செலுத்தியதில் குறை இல்லை.' கடைசி வரியை இசக்கியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நிரந்தரமானாள்.

ஆகவே இசக்கியின் புதிய பிள்ளைகளுக்கு என் பதில் எளிது. தூசியைச் சோதிப்பது நல்லது. காவல் எலிகளுக்கு இனி வேலையில்லை என்பதும் நல்லது. ஆனால் வடிகட்டி, காற்றில் வருவதைத்தான் பிடிக்கும். ஊசியில் வருவதைப் பிடிக்காது. எலிக்குள் வைக்கும் ஒவ்வொரு குப்பிச் செல்லையும் வைக்குமுன் சோதியுங்கள். கட்டி வளராவிட்டால் முதலில் கையைச் சந்தேகிக்காதீர்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி என்று அவள் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் அறையைக் காலி செய்யும்போது எல்லா எலிகளிலும் கடைசியாக ஒருமுறை மாதிரி எடுத்தோம். அங்கே மூன்று உபரி எலிகள் இருந்தன. அந்தத் தொகுதி வந்து சேர்ந்த வாரம் சோதனைக்கென்று இரத்தம் எடுத்துவிட்டு, ஆய்வில் சேர்க்காமல் தனிக் கூண்டில் வைத்தவை. செல் ஊசி போடாதவை, வேறு எலியிடம் கடிபடாதவை. மூன்றிலும் வைரஸ் இருந்தது.

எட்டாம் நோட்டில் பின்னோக்கிப் போனேன். "நாள் 9. காது அடையாளம் தேய்ந்தவை ஐந்து, மீண்டும் போட்டேன். பிறகு உபரிக் கூண்டு, மூன்று." எலியை அடையாளம் காணக் காதில் சிறு துளையிடுவோம். அதற்கொரு இடுக்கி. கூண்டுக்குக் கூண்டு அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது என் வழக்கம், எலிக்கு எலி அல்ல. கூண்டுக்கு ஒருமுறை துடைத்தால் ஒரு காலையில் ஒரு அறையையே முடித்துவிடலாம். அந்த முறையை எழுதி எல்லோருக்கும் பழக்கியது நான். ஐந்து எலியும் செல் போட்டவை. அவற்றின் காதில் இரத்தம் கசிந்திருக்கும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "உபரிக் கூண்டுக்கு முன்னாடி துடைச்சீங்களா?" என்று கேட்டார்.

"துடைச்சிருப்பேன் சார்."

சாப்பாட்டுக்குப் பின் கேட்டார். "வழக்கமா துடைப்பேன்" என்றேன்.

ஐந்து மணிக்குக் கேட்டார். பஸ் ஹாரன் அடித்தது. "தெரியல சார்."

அவர் மூன்றையும் எழுதவில்லை. கடைசியை மட்டும் எழுதினார். மறுநாளிலிருந்து எலிக்கு ஒருமுறை இடுக்கியைச் சூட்டில் வைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். அந்த விதிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

சீரத்தின் நிறத்தைக் குழாய் குழாயாக எழுதியவள், துடைத்தேனா என்பதை எழுதவில்லை.

ஆனால் இன்னொரு வழியும் உண்டு. அந்த மூன்றும் வரும்போதே தொற்றோடு வந்திருக்கலாம். வந்த வாரம் எடுத்த அவற்றின் சீரத்தில் ஒரு குப்பி, ஆழ்குளிர்ப் பெட்டியின் இரண்டாம் தட்டில் மூன்றாம் வரிசையில் வைத்ததாக என் நோட்டு சொல்கிறது. அதில் வைரஸ் இருந்தால் என் இடுக்கி குற்றமற்றது. இல்லாவிட்டால் அது என் கை. அறை காலியான பின் அந்தக் குப்பியைச் சோதிக்க யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது, நானும் கேட்கவில்லை. இப்போது சாவி இசக்கியிடம். குப்பி இன்னும் அங்கே இருக்கிறதா என்பதும் அதற்குள் என்ன இருக்கிறது என்பதும், இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.